பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ‘ஸ்மைல் ப்ளீஸ்!’

அந்தமானில் ஸ்கூபா கற்றுத் திரும்பியவனிடம் ஆபீஸில் யாரும் ‘மூச்சு விட முடிஞ்சுதா?’ என்று கேட்பதில்லை. ‘போட்டோ எங்கே?’ என்றுதான் கேட்கிறார்கள். கேமரா ஆசை பிறப்பது அப்படித்தான்.

சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர். (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.) அங்கிருந்து படகில் ஹாவ்லாக். அதுவும் 2018-லேயே ஸ்வராஜ் தீவு. பெயர் மாறினாலும் கடல் மட்டும் அதே நீலம். நாலு நாள் பயிற்சி முடித்தால் ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ். 18 மீட்டர் வரை இறங்கலாம்.

‘‘சார், நாளைக்கு ஒரு கேமராவோட இறங்கட்டுமா?’’ என்றேன்.

பயிற்சியாளர் காரைக்கால்காரர். ‘‘தம்பி, முதல்ல மீன் மாதிரி அசையாம நிக்கக் கத்துக்குங்க. அப்புறம் மீனைப் படம் எடுக்கலாம்’’ என்றார்.

மறுநாளே அர்த்தம் புரிந்தது. கூட வந்த புனே இளைஞர், கண்ணைக் கேமராத் திரையிலேயே வைத்துக்கொண்டு ஓர் ஆமையைத் துரத்தினார். துடுப்பு பட்டு மணல் கிளம்பி எல்லோருக்கும் புகைமூட்டம். 200 பாரில் தொடங்கிய அவருடைய காற்று 60-க்கு வந்திருந்தது. 50 மிச்சமிருக்கும்போது மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் தோளைத் தட்டி மீட்டரைக் காட்டியபோதுதான் மனிதர் முழித்தார். படத்தில் ஆமையின் வால் மட்டும் விழுந்திருந்தது.

நான் அந்தப் பயணத்தில் கேமராவைத் தொடவில்லை. ஊருக்கு வந்து போனஸ் பணத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எத்தனை மீட்டர் என்பது சின்ன எழுத்து! கோப்ரோ ஹீரோ 12 உறை இல்லாமல் 10 மீட்டர்தான். அதற்கான உறை போட்டால் 60. வீடியோவுக்கு ராஜா, ஆனால் அகலக் கோணம் என்பதால் சின்ன மீன் கொசு மாதிரி தெரியும். ஒலிம்பஸ் டிஜி-6, 15 மீட்டர் தாங்கும், உறையோடு 45. ஒரு செ.மீ. நெருக்கத்தில்கூட ஃபோகஸ் ஆகும். பர்ஸும் அதற்கேற்ப இளைக்கும்.

ஆழம் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்பு. 10 மீட்டரில் சிவப்பு மீன் சாம்பல் மீன்தான். மெகாபிக்ஸலைவிட டார்ச் முக்கியம். அதையும் கேமராவை ஒட்டிப் பிடித்தால் தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் பனிமழையாக விழும். கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

ஆகவே என் பட்ஜெட்: செகண்ட் ஹேண்டில் ஒரு ஆக்‌ஷன் கேமரா, புது உறை, டார்ச், மணிக்கட்டுக் கயிறு. கேமரா பழசாக இருக்கலாம். உறையின் ரப்பர் வளையம் பழசாக இருக்கக் கூடாது. அதில் ஒரு தலைமுடி சிக்கினாலே போதும், உள்ளே கடல்!

அடுத்த பயணத்தில் முதலில் காலி உறைக்குள் டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து இறக்கினேன். காய்ந்தே திரும்பியது. அதற்கு மறுநாள் நெமோ ரீஃபில் ஒரு கோமாளி மீன். தன் கடல் சாமந்தியை விட்டு ஓடாது. துரத்த வேண்டியதே இல்லை. கை நீட்டும் தூரத்தில் அசையாமல் நின்று நாலு படம் எடுத்தேன். ஒன்று தேறியது.

அப்போது என் மீட்டரில் 110 பார். பயிற்சியாளர் முதலில் பார்த்தது அதைத்தான். பிறகுதான் விரலால் ‘ஓகே’ காட்டினார்.