தஞ்சாவூரை ஒரு சைக்கிள் சுற்று

தஞ்சாவூர் என்றதும் எல்லோருக்கும் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, அப்புறம் வெயில். கோயிலைப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் அரண்மனைக்கு ஆட்டோ பிடித்து, மதியச் சாப்பாட்டுக்குக் கும்பகோணம் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். பழைய ஊர் மொத்தமும் ஒரு சைக்கிள் சுற்றுக்குள் அடங்கும் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. நாலு ராஜவீதி, ஒரு பீரங்கி, ஒரு ஆறு, ஒரு குளம், ஒரு தேவாலயம். விட்டு விட்டு மிதித்தாலும் இரண்டு மணி நேரம். ஒரே நிபந்தனை, காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். பத்து மணிக்குமேல் தெற்கு வீதியில் சைக்கிள் ஓட்டுவது வீர விளையாட்டுக்களில் சேரும் :-)

2025 ஜூன் கடைசி ஞாயிறு காலை இந்தச் சுற்றில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் வெண்ணாற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் விவசாயம் பார்ப்பவர், அறுபதைத் தாண்டியவர். வண்டி பழைய ஹெர்குலிஸ், பின்னால் நெல் மூட்டை ஏற்றும் அகலமான காரியர். இன்னொருவன் அவருடைய அக்கா மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊரில் மேல்படிப்புக்கு இடம் வாங்கி வைத்திருந்தான். அவனிடம் கியர் சைக்கிள். மாமாவோடு பேச வேண்டியது ஒன்று இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பேசினால் அம்மா அழுவார் என்பதால் சைக்கிளில் பேசலாம் என்று அழைத்து வந்திருந்தான்.

பெரிய கோயிலில் இருந்து தெற்கு வீதிக்குள் நுழைந்தால் நேர்கோடுதான். நூறு வருஷம் போல நின்று போயிருந்த பெரிய கோயில் தேர் 2015ல் மறுபடி ஓடியது இந்த நாலு வீதிகளில்தான். வீதிகளை ஒட்டிக் கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று பெயர்ப்பலகைகள் வரும். அலங்கம் என்றால் கோட்டை மதில். மதில் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. அகழியும் அப்படித்தான். சில இடங்களில் பள்ளமாகத் தெரியும், சில இடங்களில் அகழி என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கீழவாசலில் பீரங்கி மேடு. மேலே ஏறினால் ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்தது என்கிறார்கள். நீளம் சுமார் 26 அடி, எடை 20 டன்னுக்கு மேல். இதை வார்ப்பு இரும்பு என்று நினைத்துவிடக் கூடாது. நீளமான இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைச் சூடாக்கி மாட்டி, அடித்து அடித்து ஒட்டியது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வளையங்களின் விளிம்பு தெரியும். இவ்வளவு பெரிய வேலையை உலையும் சம்மட்டியும் வைத்துச் செய்த கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட பலகையில் இல்லை. அதே ரகுநாத நாயக்கர்தான் 1620ல் டென்மார்க்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர். அந்த வாசல் வழியாகத்தான் பின்னால் ஜெர்மன் பாதிரிமார்கள் வந்தார்கள். கதை கொஞ்ச நேரத்தில் அங்கே போகும்.

மாமாவுக்குப் பீரங்கியில் ஆர்வம் இல்லை. மேட்டின் நிழலில் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "என்ன மாப்ள, என்னமோ கேக்கணும்னியே?" என்றார்.

அவன் கேட்கவில்லை. "அப்புறம் சொல்றேன் மாமா" என்று மிதிக்க ஆரம்பித்தான்.

கீழ வீதியில் அரண்மனை. நாயக்கர் கட்டத் தொடங்கி மராட்டியர் சேர்த்துக்கொண்டே போன கட்டடம். உள்ளே சரசுவதி மகால் நூலகம். 1918ல் இருந்து பொதுமக்களுக்கானது. இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, கண்ணின் படத்தோடு குறிப்பு எழுதி வைத்த தாள்கள் அங்கே உண்டு. ராஜா சண்டை போட்டதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஏழரை மணிக்கு எல்லாம் பூட்டித்தான் இருக்கும். நம் சுற்றில் இது கேட்டோடு சரி.

வடக்கு வீதிக்கு வந்ததும் கரந்தைப் பக்கம் கொஞ்சம் விலகிப் போவது நல்லது. வடவாறு அங்கேதான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்ட வேண்டும். முதல் ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். 2024ல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. 2025ல் சரியாக அதே தேதி. அதனால் அன்றைக்கு வடவாற்றில் செம்மண் கலரில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாமா பாலத்தில் காலை ஊன்றி நின்று ரொம்ப நேரம் பார்த்தார். எத்தனை அடி போகிறது, எந்தக் கிளைக்கு முறை, கடைமடைக்கு எப்போது போய்ச் சேரும் என்று அவருக்கு மனசுக்குள் ஒரு கணக்கு. ஏடிடி 43 நாற்று விட்டாகிவிட்டது, இன்னும் பத்து நாளில் நடவு.

அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவன் சொல்லிவிட்டான். அவனுடைய பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் அநேகமாக இல்லை. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவான 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் முன்னாலேயே போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அவன் போன வங்கியில் விவசாய நிலத்தை ஈடாக எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மா பங்கு நாலு மா நிலத்தை விற்றால் கணக்கு சரியாகும்.

(வெளியூர்க்காரர்களுக்கு: ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மா என்றால் சுமார் 33 சென்ட். ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் பத்திரத்தில்தான். வாயில் வருவது மாவும் வேலியும்தான்.)

அந்த நாலு மாவை இருபது வருஷத்துக்கு மேலாக உழுவது மாமா. அக்காவுக்கு வருஷா வருஷம் நெல் அளந்து போடுவதும் அவர். நாற்று விட்டிருப்பதும் அதில்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "வெயில் ஏறுது, வா" என்று வண்டியைத் திருப்பினார்.

மூலை அனுமார் கோயில் முனையில் திரும்பினால் மேல வீதி. அதை ஒட்டி அய்யங்குளம். சேவப்பநாயக்கன் ஏரித் தண்ணீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து பூமிக்கடியில் குழாய் வழியாக இந்தக் குளத்துக்கு வருமாறு நாயக்கர் காலத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். மோட்டார் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் கணக்கு மட்டும்தான். இன்றைக்கு ஊரில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

சிவகங்கைக் கோட்டைக்குள் சுவார்ட்ஸ் தேவாலயம். 1779. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம், இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மேன் செய்தது. கட்டிலில் சாகக் கிடக்கும் கிழவர், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தலைப்பாகையோடு ஓர் இளைஞன். கிழவர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். 1726ல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலேயில் படித்து, 1750ல் தரங்கம்பாடி வந்தவர். இளைஞன் சரபோஜி. துளஜா ராஜா சாகும் தறுவாயில் தத்துப்பிள்ளையை ஒப்படைத்தது இந்தப் பாதிரியாரிடம். சித்தப்பா அமர்சிங் அரியணையில் உட்கார்ந்துகொண்டபோது பையனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்கவைத்து, அவன் உரிமைக்காக வாதாடியவரும் இவர்தான். சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798ல். அதே வருஷம் பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சரபோஜி கடைசி வரை மதம் மாறவில்லை. ஆனாலும் பாதிரியாருக்குச் சிற்பம் செய்யச் சொல்லி லண்டனுக்கு எழுதினார்.

இந்தக் கதையை அவன் சொல்லி முடித்ததும் மாமா கேட்ட கேள்வி வேறு. "இவரு திரும்பி ஊருக்குப் போவவே இல்லியா?"

"இல்ல மாமா. நாப்பத்தெட்டு வருஷம். இங்கயே செத்துட்டாரு."

"அவங்க அம்மா?"

"சின்ன வயசுலயே போயிட்டாங்களாம்."

"அதான்" என்றார் மாமா.

வெளியே வந்து, கோயில் ஓரமாகக் கல்லணைக் கால்வாய்ப் பக்கம் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். 1930களில் மேட்டூர் திட்டத்தோடு வெட்டியது. தொண்ணூறு வருஷமாகியும் ஊரில் இதற்குப் பெயர் புது ஆறு. டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு மாமா பேசினார்.

"விக்க வேணாம். ஒத்திக்கு வைப்போம். மேலத்தெருவுல ஆள் இருக்கு, மூணு வருஷத்துக்கு எடுப்பான். கொறையிறத உங்க அத்த நகைய வச்சு வாங்கிக்கலாம்."

"ஒத்திக்குப் போனா மூணு வருஷம் நீங்க அதுல எறங்க முடியாதே மாமா?"

"எங்களுது இருக்குல்ல, ஆறு மா. அது போதும்." டீயை ஆற்றிக்கொண்டே, "இந்தக் குறுவ மட்டும் அறுத்துக்கறேன்னு சொல்லிடுவோம். நாத்து விட்டாச்சு. செப்டம்பர் கடைசில அறுத்துரலாம். நீ எப்ப கெளம்பணும்?"

"செப்டம்பர் கடைசி."

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு டீக்குக் காசு கொடுத்துவிட்டு, காரியரில் இருந்த யூரியா சாக்கை உதறி மடித்து வைத்தார். கரந்தை வழியாகத்தான் அவர் திரும்பிப் போக வேண்டும். அவனும் வெண்ணாற்றுப் பாலம் வரைக்கும் கூடவே மிதித்தான்.