மாராகேஷ் கட்டாரி

மொராக்கோ தேசத்து மாராகேஷ் நகரில் ஜெமா எல்-ஃப்னா என்று ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அதன் வடபுறத்துச் சந்துகளில் புகுந்தால் கடைவீதி. அங்கே சுவரெங்கும் வளைந்த குறுவாள்கள் தொங்குகின்றன. ‘கும்மியா’ என்பது அவற்றின் பெயர். மயில் தோகைபோல் விரிந்த பிடி. மேல்நோக்கி வளைந்த உறை. உறையில் கயிறு கோக்க இரண்டு காதுகள். வலது தோளின் மேல் கம்பளிக் கயிற்றைக் குறுக்கே போட்டு, இடப்புறத்தில் இதைத் தொங்கவிடுவது அந்நாட்டு ஆடவர் மரபு.

“இருநூறு வருஷத்துச் சாமான்! என் பாட்டனார் அணிந்தது” என்று கடைக்காரர் ஒன்றை என் கையில் வைத்தார். சித்திரப் பள்ளங்களில் கன்னங்கரேலென்று அழுக்கு. எனக்கு ஆசை மூண்டுவிட்டது. பணப்பையைத் திறந்தேன்.

உடன் வந்திருந்த வெள்ளி வேலைக்காரக் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழுக்கைப் பார்க்காதீர்கள், தேய்மானத்தைப் பாருங்கள்” என்றார்.

பல வருஷம் கயிறு உராய்ந்திருந்தால் காதுத் துவாரங்கள் தேய்ந்து நீண்டிருக்குமாம். உள்ளங்கை பட்ட இடத்தில் பூவேலையின் மேடுகள் மழுங்கியிருக்குமாம். இதிலோ மேடுகள் விரலைக் கீறின! வாளை உருவினேன். நன்கு செய்த கும்மியாவில் நுனிப் பக்கத்தைத் தீட்டியிருப்பார்கள். இது கூரற்ற மெல்லிய தகடு. உறைக்குள் கடகடவென்று ஆடிற்று. உறையும் ஜெர்மன் ஸில்வர். பெயரில்தான் வெள்ளி, பொருளில் குன்றிமணியளவும் இல்லை. ஆனால் அலகில் ஐரோப்பிய முத்திரை இருந்தால் மட்டும் போலி என்று தள்ளிவிடலாகாது. பழைய கும்மியாக்கள் பலவற்றிலும் அயல்நாட்டு அலகுகள் உண்டு.

1912 முதல் 1956 வரை பிரெஞ்சுக்காரர் ஆதிக்கம் அங்கே நிலவியது. அக்காலத்திலேயே பிரயாணிகளுக்கென்று செய்து விற்றவை ஏராளம். ஆகவே, எண்பது வயதான ஞாபகார்த்தப் பொருளும் இருக்கக்கூடும். வயது வேறு, மதிப்பு வேறு.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெட்டியடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். முன்புறம் வெள்ளி, பின்புறம் பித்தளை. கயிறு அறுத்த காதுகள். கை வழவழப்பாக்கிய பிடி. விலையைக் கேட்டதும் பணப்பையை மூடினேன்.

“இது புதிது என்றே சொல்லி விற்பீர்களா?” என்று முதல் வாளைக் காட்டினேன். அவர் விலையில் முக்கால் பங்கைக் குறைத்தார். சந்தோஷமாக வாங்கி வந்தேன். பூவேலை செய்தவனுடைய உழைப்பு பொய்யல்லவே! பொய், அந்தப் பாட்டனார் மட்டுந்தான்.