சேதி தெரிந்தவர் சொல்ல வேண்டும்

கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்தில் படம் வரைகிறவர்களுக்குத் திறமை போதாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பகலெல்லாம் கடைப் பலகை எழுதிவிட்டு, ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு தனக்கென்று ஒரு கான்வாஸை எடுத்து வைத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். கோயில் சிற்பத்தைப் பார்த்துப் பார்த்தே கோடு பழகிய பிள்ளைகளையும் தெரியும். இவர்களிடம் இல்லாத ஒன்று சேதி. எங்கே நிதியுதவி தருகிறார்கள், எந்தக் கண்காட்சிக்கு எப்போது படம் கேட்கிறார்கள், எந்த வயதுவரை விண்ணப்பிக்கலாம் என்ற தகவல் இவர்கள் வீட்டு வாசலுக்கு வருவதே இல்லை. வந்தாலும் கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் கழித்து வருகிறது.

சேதி வராததற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறிவிப்பு வரத்தான் செய்கிறது. செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியாக வருகிறது, மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பாக வருகிறது, தஞ்சாவூரில் இருக்கும் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்துக்கு வருகிறது. யாரோ ஒருவர் அதைப் பார்க்கிறார். பார்த்தவர் பக்கத்துத் தெரு ஓவியரிடம் சொல்வதில்லை. நம் கலைஞர்களிடம் இருக்கும் பெரிய நோய் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 'இருப்பதே நாலு இடம். நான் சொன்னால் அவன் தட்டிக்கொண்டு போய்விடுவான்' என்ற பயம். வருமானம் நிலையில்லாத தொழிலில் அந்தப் பயம் வருவது இயற்கை. அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பயத்தால் யாருக்கும் ஒரு காசு லாபம் வந்ததாக நான் பார்த்ததில்லை.

சென்னை ஓவியர்களின் வரலாறே இதற்குச் சாட்சி. கே.சி.எஸ். பணிக்கர் 1944ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஆரம்பித்தபோது, நவீன ஓவியம் வரைகிற ஒருவன் அதை வைத்துச் சென்னையில் சாப்பிட முடியும் என்று யாரும் நம்பவில்லை. பிறகு அவர் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த காலத்தில், படித்து முடித்த மாணவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதைப் பார்த்து வருந்தினார். அதற்கு அவரும் மாணவர்களும் கண்ட வழி, சேர்ந்து சம்பாதிப்பது. பாத்திக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் உருவானது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வரையவில்லை. ஒருவர் இன்னொருவருக்குப் போட்டிதான். ஆனாலும் ஒருவரைத் தேடி வந்த விருந்தினர், நாலு எட்டு வைத்தால் அடுத்தவர் கூடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். தனித்தனியாக வாடகை வீடுகளில் கிடந்திருந்தால் இவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கும்?

அந்த அளவுக்கு நிலம் வாங்கச் சொல்லவில்லை. சேதியையாவது பொதுவில் வையுங்கள் என்கிறேன்.

என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஒன்றிய அரசின் கலாசார அமைச்சகம் இளங்கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 18 முதல் 25 வயதுவரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஃபெலோஷிப் உண்டு. 25 முதல் 40 வயதுவரை இளையவர் பிரிவு, மாதம் 10,000 ரூபாய். 40 தாண்டியவர்களுக்கு மூத்தவர் பிரிவு, மாதம் 20,000 ரூபாய். இதுவும் இரண்டு ஆண்டுகள்தான். 'எனக்கு வயசாயிடுச்சு சார்' என்று 45 வயதில் ஒதுங்கி நிற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த மூத்தவர் பிரிவைப் பற்றித்தான். ஆனால் இந்த ஃபெலோஷிப் சும்மா படம் வரைய அல்ல. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து வேலை செய்யத் திட்டம் எழுதித் தர வேண்டும். மாதச் சம்பளம்போல ஒன்றாம் தேதி கைக்கு வரும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடவும் கூடாது.

மாநிலத்தில் கலை பண்பாட்டுத் துறை, ஓவியர்களும் சிற்பிகளும் தனியாகவோ கூட்டாகவோ கண்காட்சி நடத்த நிதியுதவி தருகிறது. கூட்டாக என்ற சொல்லைக் கவனியுங்கள். தனியாளாகச் சேதியை மறைத்து வைத்துக்கொண்டவரால் கூட்டுக் கண்காட்சிக்கான உதவியைக் கேட்கவே முடியாது. 1954ல் தொடங்கிய லலித் கலா அகாதெமி தேசியக் கண்காட்சிக்கு நாடு முழுவதிலிருந்தும் படைப்புகளை வரவேற்கிறது. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள அதன் மண்டல மையத்தில் காட்சிக்கூடமும் உண்டு, அச்சோவியம், சுடுமண், சிற்பம் செய்பவர்களுக்குப் பணிக்கூடங்களும் உண்டு. ஒரு அச்சு இயந்திரம் சொந்தமாக வாங்க முடியாதவருக்கு அந்தப் பணிக்கூடமே பெரிய நிதியுதவிதான். இதை யாரும் நிதியுதவிப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

பெங்களூரில் 1993ல் தொடங்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனியார் கொடையில் நடக்கும் அமைப்பு. அதற்கு எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம். இதைச் சொன்னதும் கும்பகோணத்தில் ஒரு கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. இங்கிலீஷ் தெரியாது என்ற ஒரே காரணத்தால் பாதிப் பேர் விண்ணப்பத்தைக் கையில் தொடுவதேயில்லை. 2012ல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலேயில் கலைக் கல்லூரி மாணவர்களுக்காகவே 2014 முதல் தனிக் கண்காட்சி சேர்ந்தது. கொச்சி நமக்கு டெல்லி மாதிரி தூரமும் இல்லை.

தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிறவர்கள் வேறு வாசலில் போக வேண்டும். தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து எழுதும் அந்தப் படத்தை அரசாங்கம் கைவினை என்ற கணக்கில் வைத்திருக்கிறது. அதற்கு ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தரும் கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும். அட்டை இருந்தால்தான் அரசு நடத்தும் கைவினைச் சந்தைகளில் கடை கேட்கலாம். தேசிய விருது 1965 முதல் இருக்கிறது. நம் மாநிலத்தில் பூம்புகார் நிறுவனம் வழியாக 'வாழும் கைவினைப் பொக்கிஷம்' விருது தருகிறார்கள். இது தெரியாமல் தஞ்சாவூர்ப் படத்தை ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மனமுடைந்து போனவர்கள் உண்டு. படத்தில் குறையில்லை, போன வாசல்தான் வேறு. இதைச் சொல்லக்கூட அவர்களுக்கு அருகில் ஆளில்லை.

சேதி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து, அனுப்ப என்ன இருக்கிறது? கையில் வாட்ஸப்பில் வந்த நாலு படம். ஒன்றில் ஃபேனின் நிழல், ஒன்றில் கண்ணாடியில் படம் எடுத்தவரின் சட்டை. நடுவர்கள் பார்க்கப்போவது நம் ஓவியத்தை அல்ல, அதன் போட்டோவைத்தான். ஆகவே இதில் சோம்பல் கூடாது. சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, காலை நேரத்தில் திண்ணை நிழலில் படத்தைச் சுவரோடு நேராக நிறுத்துங்கள். கைப்பேசி படத்தின் மையத்துக்கு நேராக இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். ஓரம் நாலும் தெரிய எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். எடுத்த அன்றே படத்தின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு எழுதி வையுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து. நெடுக்கான படத்தைக் கிடையானதென்று எண்ணித் தவறான இடத்தில் மாட்டிவிடாமல் இருக்க இது உதவும்.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குப் பணத்தையே நிறுத்தியிருக்கிறது. படத்தில் போடும் புனைபெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிக் கணக்கில் இனிஷியல் மாறி இன்னொன்று. தேர்வான பிறகு இதைச் சரிசெய்யப் போனால் மாதக் கணக்கில் அலைச்சல். விண்ணப்பிக்காத நாளிலேயே இதை நேராக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், தன் வேலையைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுதுவது. வேதாரண்யத்திலிருந்து ஒரு பெண் எழுதிக் கொண்டுவந்தாள். 'மனிதனுக்கும் இயற்கைக்குமான உறவை என் ஓவியங்கள் வெளிப்படுத்துகின்றன' என்று ஆரம்பித்திருந்தாள். அந்த வரியை இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, 'என்ன பாப்பா வரையறே?' என்று கேட்டேன். உப்பளம் என்றாள். உப்பளத்தில் என்ன? அம்மா அங்கே வேலை பார்த்தவள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியைப் பார்க்கவே கண் கூசும். அதனால் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுவார்கள். தான் வரைவது அந்த வெளுப்புக்கு முந்தைய நேரத்தை என்றாள். அப்போது உப்பு நீலமாகத்தான் தெரியும் சார், யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, எல்லாரும் வெள்ளையடிக்கச் சொல்றாங்க என்றாள். இதை அப்படியே எழுது என்றேன். அம்மாவின் வேலையை எழுது, நேரத்தை எழுது, நீலத்தை எழுது. எழுதினாள். அரைப் பக்கம்தான் வந்தது. அந்த அரைப் பக்கத்தைப் படித்த பிறகு அவள் படத்தைப் பார்த்தால், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. தேர்வுக்குழுவுக்கு வேண்டியதும் அதுதான். பெரிய வார்த்தை தேடி அலையாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லச் சொல்ல அவரையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சேதி என்று வருவதெல்லாம் வாய்ப்பு அல்ல. 'சர்வதேசக் கண்காட்சி, படத்துக்கு இவ்வளவு கட்டணம், பங்கேற்கும் அனைவருக்கும் விருது, சான்றிதழ், கேடயம்' என்று வருகிற அழைப்புகள் பெருகிவிட்டன. மகளின் வளையலை அடகு வைத்து அப்படிப் பணம் கட்டியவரை நான் அறிவேன். கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் கேடயமும், ஒரு மண்டபத்தில் அரைநாள் மாட்டிவைத்த படமும். நுழைவுக் கட்டணம் கேட்பதாலேயே எல்லாம் மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவர்கள் யார், சென்ற ஆண்டு யார் யார் காட்சி வைத்தார்கள், எத்தனை நாள் மாட்டுவார்கள், படம் திரும்பி வரும் செலவு யாருடையது, விற்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவர்களிடம் படத்தைக் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் விருது என்றால் அங்கே தேர்வே நடக்கவில்லை. பரிசு பெற்ற படம் நடத்துபவர்களுக்கே சொந்தம் என்ற நிபந்தனை சிறு எழுத்தில் இருக்கும். அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த மாதிரி அனுபவத்தைக்கூட நாம் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறோம். ஏமாந்தவர் வாய் திறந்தால் அடுத்த பத்துப் பேர் தப்பிப்பார்கள். இதுவும் சொல்லவேண்டிய சேதிதான்.

படம் அனுப்பும்போதும் கூட்டு கைகொடுக்கிறது. பெரிய கான்வாஸ்களைத் தனித்தனியாகப் பார்சல் போட்டால் கட்டுப்படியாகாது. நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசலாம். கழற்றிச் சுருட்டித்தான் அனுப்ப வேண்டுமென்றால், வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான பிவிசி குழாயின்மேல் சுருட்டுங்கள். வண்ணம் உள்பக்கம் வந்தால் நசுங்கி வெடித்துவிடும். பலர் படத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து உள்பக்கமாகவே சுருட்டுகிறார்கள்.

தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தால் அதைக் கிழித்துப் போட வேண்டாம். காரணம் கேட்டு மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். சில இடங்களில் பதில் வரும், பல இடங்களில் வராது. வேதாரண்யத்துப் பெண்ணுக்கு முதலில் போன இடத்தில் கிடைக்கவில்லை. அதே போட்டோக்களும் அதே அரைப் பக்கமும் அடுத்த விண்ணப்பத்துக்குப் போயின. அந்த இரண்டாவது அழைப்பைப் பற்றி அவளிடம் சொன்னது நானில்லை. முதல் அழைப்பை அவள் யாருக்குச் சொல்லியிருந்தாளோ, அந்தத் திருத்துறைப்பூண்டிப் பையன்.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்கள் நிறையப் பேர் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். காலையில் பேப்பர் படிக்கும் நேரம் நமக்கு இருக்கிறது. உங்கள் ஊர் நூலகரைப் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒரு மூலை கேளுங்கள். கேட்டால் கொடுப்பார். வந்த அழைப்பை அப்படியே ஒட்டாதீர்கள், அதில் இருக்கும் அரசு நடையை யாரும் நின்று படிப்பதில்லை. யாருக்கு, எந்த வயதுக்கு, என்ன தாள்கள் வேண்டும் என்று அஞ்சாறு வரியில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். கடைசித் தேதி மட்டும் சிவப்பில், தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு இருக்கட்டும். தேதி முடிந்த தாளை மறுநாளே எடுத்துவிடுங்கள். பழையது தொங்கிக்கொண்டிருந்தால் புதியதையும் பழையது என்று நினைத்துப் போய்விடுவார்கள்.