அகக்காழும் புறக்காழும்

தொல்காப்பிய மரபியலை நாம் 18 ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். தென்னையும் பனையும் மூங்கிலும் புல். புளியும் வேம்பும் மரம். இதனைச் சொல்லி, மாணாக்கர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த நூற்பாவிற்குச் சென்றுவிடுவோம். அந்நூற்பாவை நாம் உள்ளபடி கற்றது ஒரு மீன் தொட்டியில்தான்.

நம் இளைய மகள் சண்டை மீன் ஒன்று வேண்டுமென்றாள். தாய்லாந்துப் பக்கத்து ஆழமற்ற, ஓட்டம் குறைந்த நீர்நிலைகளில் வாழ்வது அது. நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரே சுவாசிக்கவும் வல்லது. ஆகவே தொட்டியில் பாதியளவு நீர் விட்டு, மேலே கண்ணாடி மூடியிட்டு, இடையில் வெதுவெதுப்பான ஈரக்காற்று நிற்குமாறு அமைத்தோம். மீன் ஒதுங்கக் கட்டை வேண்டுமே! 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னையின் துண்டு ஒன்று கொல்லைத் தாழ்வாரத்தில் காய்ந்து கிடந்தது. கழுவிக் கல்லைக் கட்டி உள்ளே இட்டோம். இறுகிக் கறுத்த அதன் மேற்புறத்தைக் கண்டே மனநிறைவு கொண்டுவிட்டோம்.

பத்தாம் நாள் நீர் கலங்கி நாறியது. மீனின் துடுப்போரங்கள் கரையலாயின. நீரை மாற்றியும் பயனில்லை. பதினேழாம் நாள் காலையில், “நீங்கதானே வாப்பா நல்ல கட்டைன்னு சொன்னீங்க?” என்று மகள் அழுதபோது நம்மிடம் மறுமொழி இல்லை.

நம் வாப்பா முப்பதாண்டுக் காலம் மரவாடியில் கணக்கெழுதியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் கட்டையை வெளியே எடுத்து, வெட்டுவாயில் பெருவிரலை அழுத்தினார். அல்வாவில் புதைவதுபோல் விரல் புதைந்தது.

“தென்னைக்கு வைரம் வெளியிலதான் தம்பி. உள்ளே வெறும் சோறு. தண்ணியில கிடந்தா நாறாம என்ன செய்யும்?”

மரபியல் முழுவதும் நம் நினைவில் இருந்தது. கட்டையைத் தேர்ந்த அன்று மட்டும் அதில் ஓர் எழுத்தும் உதவிக்கு வரவில்லை.

அடுத்த கட்டையை வாப்பாவே தேர்ந்தார். நன்கு காய்ந்த கொய்யாக் கிளை, தட்டினால் கணீரென்றது. பால் வடியும் எருக்கும் தில்லையும், நஞ்சுடைய அரளியும், பூச்சி கொல்லும் வேம்பும், பிசின் மணக்கும் பெட்டிப் பலகையும், வண்ணம் பூசிய எதுவும் ஆகாது என்றார். பட்டையை உரித்து, உளுத்த பகுதியைச் செதுக்கி, சோப்பின்றி நாரால் தேய்த்தோம். பிறகு தேக்சாவில் இட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தோம். (நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சா அது, நம் இல்லத்தரசியார் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை.) நீர் கடுங்காப்பி நிறமாயிற்று. அது மரத்தின் துவர். சிறிதளவு துவரால் இம்மீனுக்குத் தீங்கில்லை. மீன் வளர்ப்போர் இதற்கெனவே நாட்டு வாதுமைச் சருகைத் தொட்டியில் இடுவதுண்டு. அதன்பின் வாளியில் ஊறவைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்றினோம். மிதந்துகொண்டே இருந்த கிளை நான்காம் வாரத்தில் தானே அமிழ்ந்தது.

தொட்டியில் இட்ட சில நாளில் கிளைமேல் வெண்பஞ்சு போன்ற படலம் படரக் கண்டு மகள் அஞ்சினாள். மரத்தில் எஞ்சிய சத்தை உண்டு வளரும் பூசணம் அது. துடைத்துவிட்டால் சில வாரங்களில் அடங்கிவிடும். நீருக்கு மேலே நின்ற நுனியிலும் பூத்தது. மூடியை விரலளவு நகர்த்திக் காற்றோட்டம் தந்ததும் குறைந்தது.

ஒரு மாதம் கழித்தே புதிய மீன் வந்தது. இரவில் அது கிளையின் கவட்டில் சாய்ந்து உறங்குகிறது.

இவ்வாண்டு மரபியல் வகுப்பிற்குச் சென்றபோது, ஊறிய தென்னந்துண்டு ஒன்றையும் கொய்யாத்துண்டு ஒன்றையும் மேசைமேல் வைத்தோம். நூற்பாவைச் சொல்லுமுன், முன்வரிசை மாணவரை அழைத்து இரண்டிலும் பெருவிரலை அழுத்திப் பார்க்கச் சொன்னோம்.