ஆடிய முள்

எங்கட சித்தப்பாவிடம் ஒரு மெசி பெர்கசன் 135 நிற்கிறது. அந்த மொடலை நிறுத்திக் கனகாலம். அதாவது வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும்விட அதுக்கு வயது கூட. போன புரட்டாசிக் கடைசியில், பூவரசங்குளத்தில் காலபோக உழவு தொடங்கின கையோட, அதன் அம்மீற்றர் முள் ஆடத் தொடங்கியது.

டைனமோ பற்றரிக்கு மின் ஏற்றினால் முள் பிளஸ் பக்கம் சாயும். பற்றரியில் இருந்து கரண்ட் போனால் மைனஸ் பக்கம். எங்கட முள் இரண்டு பக்கமும் சாமி வந்த மாதிரி ஆடியது. பழைய டீசல் எஞ்சின் ஒருக்கா ஓடத் தொடங்கினால் கரண்ட் இல்லாமலே ஓடும். அதனால் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய திறப்பைத் திருப்ப "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கராச்சில் பார்த்தவர், டைனமோ முடிஞ்சுது, புதுசு போடுங்கோ என்றார். யாழ்ப்பாணத்தில் எங்கட போடிங் காசு இந்தக் கூலி உழவில் இருந்துதான் வருகிறது. அன்றிரவு ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

போனில் தேடினோம். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்திலும் இதே ஆட்டம் வருமாம். அங்கே பலமுறை குற்றவாளி மீற்றரும் இல்லை, அல்ரனேற்றரும் இல்லை. தேய்ந்துபோன மெயின் சுவிட்ச். ரெகுலேற்றர் வோல்ற்றேஜை அந்த சுவிட்சின் வழியாகத்தான் அறிகிறது. தொடுப்பு பழுதானால் குறைவு என்று நினைத்து அள்ளி ஏற்றும், பிறகு பயந்து நிறுத்தும். கலைப்பீடத்து மூளைக்கு இதில் பாதிதான் ஏறியது. ஆனாலும் சித்தப்பாவிடம் சொன்னோம்.

"பிளேனை விடுங்கோடா. சைக்கிள் டைனமோவுக்கு எத்தினை வயர்?"

ஒன்றுதான். மற்ற வயர் சைக்கிளின் இரும்பு உடம்பு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடல் சுத்தி பிபிசி தமிழோசை கேட்ட ஆள் அவர். டைனமோக் கிளிப்பில் ஒரு கூர் ஆணி இருக்குமாம், பெயின்ற்றைக் கீறி இரும்பைத் தொட. அது இரும்பைத் தொடாட்டி ரேடியோ கரகரக்கும், செய்தி போயிடும்.

விடிய ஒரு மல்ரிமீற்றர் இரவல் வாங்கி, மெசினைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ணினோம். ஒரு முனையைப் பற்றரியின் எர்த் பக்கமும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்தோம். கிட்டத்தட்டச் சைபர் காட்ட வேணும். ஒரு வோல்ற்றுக்கு மேல் காட்டியது. எர்த் பட்டியைக் கையால் அழுத்திப் பிடிக்க அது விழுந்தது. முள்ளும் அடங்கியது.

போல்ற்றைக் கழற்றினால் அடியில் பளபளவென்று சிவப்புப் பெயின்ற், ஓரமெல்லாம் துரு. தை மாதம் பட்டிப்பொங்கலுக்கு, மெசினும் மாடுமாதிரித்தானே என்று, எர்த் பட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்துக்கும் சேர்த்துப் பூசினது நாங்கள்தான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மண்கடதாசியால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உரஞ்சி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் தடவினோம். முள் பிளஸ் பக்கம் சாய்ந்து நின்று, பற்றரி நிறைய நிறைய மெல்லச் சைபருக்கு வந்தது.

"வாற பொங்கலுக்கு பிரஷ் நான் பிடிக்கிறன்" என்றார் சித்தப்பா. அன்று பின்னேரமே உழவுக்குப் போய்விட்டார்.