நாலு போல்ட்டு

சித்திரை கடைசி. சின்ன வெங்காயம் நட்டு 45 நாள், காய் திரளுற நேரம். அன்னைக்குப் பார்த்து போர் மோட்டார் நின்னு போச்சு. பட்டனை அமுக்கினா ஒரு உறுமல், ஆம்பியர் முள்ளு கடைசி வரைக்கும் ஓடுது, டக்குன்னு ஸ்டார்ட்டர் விழுந்துருது. ரெண்டு தடவை பார்த்துட்டு ஃபியூஸைப் பிடுங்கி வெச்சுட்டேன்.

நம்ம தோட்டம் காங்கயம் பக்கம். போர் 600 அடி. மோட்டார் 420 அடியில தொங்குது. டவுன்ல ஸ்விட்ச் போட்டுத் தண்ணி பிடிக்கிறவங்களுக்காக ஒரு கணக்கு சொல்றேன். 20 அடி இரும்புப் பைப் 21 எண்ணம் ஒண்ணோட ஒண்ணு மரை மாட்டித் தொங்குது. பைப் மட்டும் 400 கிலோ வரும். உள்ளே நிக்கிற தண்ணி 100 கிலோவுக்கு மேல. அப்புறம் மோட்டார், கேபிள். இத்தனை பாரமும் மேலே ஒரு கிளாம்புல, அந்தக் கிளாம்பு ஒரு இரும்பு மூடி மேல. மூடியை கேசிங் பைப்போட பிடிச்சிருக்கிறது நாலே நாலு போல்ட்டு.

அந்த நாலு போல்ட்டுதான் இந்தக் கதை.

காலையில மோட்டார்காரண்ணன் முக்காலி, செயின் பிளாக், பைப் ரிஞ்ச் எல்லாம் ஏத்திக்கிட்டு வந்தார். மூடியைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

"தம்பி, இதுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வெச்சிருந்தா என்னங்? பன்னெண்டு வருசமா இந்தப் பக்கமே வரலியாட்ட இருக்குது."

உண்மைதான். பக்கத்துல பெண்டு பைப்புல ஒரு சொட்டுக் கசிவு. "சொட்டுதானே"ன்னு விட்டிருந்தேன். அந்தச் சொட்டு வருசக்கணக்கா மூடி மேலயே விழுந்து, போல்ட்டு எது, நட்டு எது, தகடு எதுன்னு தெரியாம எல்லாம் ஒரே செங்கல் கட்டியா இருந்துச்சு. இரும்பு துருப்பிடிச்சா முன்னே இருந்ததைவிட அதிக இடம் எடுத்துக்கும். மரைக்குள்ள அப்படி வீங்கினா போக வழியில்லை, ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிக்கும்.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, டீசல் ஊத்தி ரெண்டு மணி நேரம் ஊறவிட்டோம். நடுநடுவே போல்ட்டுத் தலையில சுத்தியல்ல லேசாத் தட்டிக்கிட்டே இருந்தார். ஓங்கி அடிக்கக் கூடாதாம், அதிர்ச்சிதான் வேணுமாம், அந்த இடுக்குலதான் டீசல் இறங்கும். முதல் போல்ட்டு கிறீச்சுன்னு கத்திக்கிட்டே சுத்துச்சு. இறுக்கிப் பாதி, தளர்த்திப் பாதின்னு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தார். ரெண்டாவதும் அப்படியே வந்துருச்சு. மூணாவது தலை மொக்கையாகி ஸ்பேனர் வழுக்குது. நாலாவது பாதியிலயே முறிஞ்சு போச்சு.

"கிரைண்டர் வெச்சு அறுத்துரலாமாண்ணா?"ன்னு கேட்டேன்.

"கேபிள் பக்கத்துல தீப்பொறி தெறிச்சா? அதைவிட, வெட்டுன துண்டு உள்ள விழுந்தா?"

துளை ஆறரை இஞ்சு. மோட்டார் அஞ்சரை இஞ்சு. சுத்தி அரை இஞ்சுதான் சந்து. அந்தச் சந்துல ஒரு நட்டு விழுந்து ஆப்பு மாதிரி மாட்டினா மோட்டாரை மேலயும் எடுக்க முடியாது, கீழயும் தள்ள முடியாது. போரே போச்சு. புதுசா போர் போட்டாத் தண்ணி வரும்னு எந்தச் சாமி வாக்குக் கொடுத்திருக்கு?

அதனால முதல்ல செயின் பிளாக்குல பைப்பை ஒரு அங்குலம் தூக்கி மூடி மேல இருந்த பாரத்தை எடுத்தார். கேபிள் ஓட்டையிலயும் பைப்பைச் சுத்தியும் பழைய வேட்டியைக் கிழிச்சுத் திணிச்சார். மூடிக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவுல ஆக்சா பிளேடை மட்டும் விட்டு, கையில துணி சுத்திக்கிட்டு அறுத்தார். ஒரு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம். நாலு பிளேடு போச்சு. மூடி 'டக்'னு எழும்பினப்ப எல்லாரும் பெருமூச்சு விட்டோம்.

அப்புறம் ஒவ்வொரு பைப்பாக் கழட்டி, மோட்டார் வெளியே வர சாயங்காலம் அஞ்சு மணி. காயில் கருகியிருந்துச்சு. சுத்தித் தர மூணு நாள் ஆகும்னாங்க.

இனிமேதான் நான் சொல்ல வந்தது.

லீவுக்கு வந்திருந்த தங்கச்சி பையன், நாலு வயசு, காலையில இருந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே இருந்தான். மோட்டார் வெளியே வந்ததும், "உள்ள தண்ணி இருக்குதா மாமா?"ன்னான். நானும் ஒரு சின்னக் கல்லைப் போட்டு, காது கொடுத்துக் கேளுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சத்தம். அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு. மோட்டார்காரண்ணன் யூரியா சாக்கைக் குழி மேல போட்டுக் கம்பியில கட்டிட்டுக் கிளம்பிட்டார். ஊரெல்லாம் அப்படித்தான் செய்யறது. நானும் கை கால் கழுவி டீ குடிக்கப் போயிட்டேன்.

இருட்டுற நேரம், "பையனெங்கடா?"ன்னு அம்மா கேட்டாங்க. கேட்டவங்க பதிலுக்கு நிக்கலை, நேராப் போருக்கு ஓடினாங்க. நான் பின்னால ஓடினேன். அவன் சாக்குக்கு முன்னால உட்கார்ந்திருந்தான். ஒரு கை நிறையக் கல்லு. இன்னொரு கை சாக்கு ஓரத்தைத் தூக்கிக்கிட்டிருக்கு.

அம்மா அவனை வாரி எடுத்துட்டு என்னைத் திட்டவேயில்லை. அதுதான் தாங்க முடியலை.

2019 அக்டோபர்ல, தீபாவளி சமயத்துல, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் குழந்தை போர்க்குழியில விழுந்ததை நாமெல்லாம் ராத்திரி பகலா டிவியில பார்த்தோம். 25-ஆம் தேதி சாயங்காலம் விழுந்த குழந்தையை 29-ஆம் தேதி விடியக்காலம் உயிரில்லாமத்தான் எடுத்தாங்க. அன்னைக்கு "யாரு இப்படித் திறந்து போட்டது?"ன்னு கோபமாப் பேசினவன்தான் நானும். கேசிங் மேல தகடு வெச்சு வெல்டிங் அடிக்கணும், இல்லைன்னா கெட்டி மூடியை போல்ட்டு நட்டு போட்டு முடுக்கணும், ரிப்பேருக்குக் கழட்டினாலும் குழியைத் திறந்து போடக் கூடாதுன்னு 2010-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. தெரியாதவங்க யாரு?

அன்னைக்கு ராத்திரியே பழைய மூடியை எடுத்துக் குழி மேல வெச்சு, ஆட்டுக்கல்லை உருட்டிக்கிட்டு வந்து அது மேல ஏத்தினோம். காலையில முதல் வேலையா லேத்துக்காரரைக் கூட்டிட்டு வந்து முறிஞ்ச போல்ட்டைத் துளைச்செடுத்து, புது போல்ட்டு நாலு போட்டு முடுக்கினேன். மோட்டார் வேலை அதுக்கு அப்புறம்தான். வெங்காயத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி ஒரு தண்ணி விட்டார். மேட்டுப் பாத்தி ரெண்டு வாடித்தான் போச்சு.

காலையில பூரா அந்த மூடியைத் திட்டிக்கிட்டே இருந்தேன். பன்னெண்டு வருசம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காம, துருவோட துருவா அந்தக் குழியைக் காத்துக்கிட்டு இருந்தது அதுதான்.

இப்ப பெண்டு கசிவை அடைச்சாச்சு. ஆயுத பூசைக்கு ஸ்டார்ட்டருக்குப் பொட்டு வைக்கிறப்ப, நாலு போல்ட்டையும் ஒரு சுத்துக் கழட்டிக் கிரீஸ் தடவி முடுக்கறதுன்னு வெச்சிருக்கேன். உங்க வீட்டுலயும் அப்பார்ட்மெண்டுலயும் காருக்கடியில, பூந்தொட்டிக்குப் பின்னால ஒரு போர் இருக்கும். ஒருநாள் குனிஞ்சு பாருங்க. மூடி இருக்குதா, போல்ட்டு சுத்துதான்னு.