உள்ளங்கையில் வந்த அஞ்சல்

கடிதம் என்பது ஒரு காலத்திற் காத்திருந்து பெறும் பொருளாக இருந்தது. தபாற்காரரின் சைக்கிள் மணியோசை கேட்டதும் படலையடிக்கு ஓடியவர்கள் இம்மலரைப் படிக்கும் பெற்றோரிடையே பலர் உளர். அந்த மணியோசையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்து வைத்த ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதனைப் பயன்படுத்தியோர் கூறிய அபிப்பிராயங்களைப் பற்றியும் இங்கே எழுத விழைகிறோம். பிளாக்பெரி என்றால் எமது கீழ்ப்பிரிவு மாணவர் பழத்தையே நினைப்பர். அவர்தம் பெற்றோர் சிலரின் வீட்டு லாச்சியிலோ அக்கருவி இன்றும் உறங்குகின்றது.

கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984 ஆம் ஆண்டு ரிசேர்ச் இன் மோஷன் என்னும் நிறுவனத்தை நண்பரோடு சேர்ந்து தொடங்கியவர் மைக் லசரிடிஸ். இஸ்தான்புல் நகரிற் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, சிறு வயதிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். (குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளால் என்ன செய்ய முடியும் என்று கேட்கும் மாணவர் இதனைக் குறித்துக்கொள்க.) இந்நிறுவனம் 1999 இல் முதலாவது பிளாக்பெரியை வெளியிட்டது. அது தொலைபேசியன்று, அதிற் பேச இயலாது. சில வரிகளே தெரியும் சிறு திரை, பெருவிரல்களால் அழுத்துவதற்கான பொத்தான்கள், ஒரேயொரு சாதாரண மின்கலம், அவ்வளவே.

ஆயினும் அதிலிருந்த புதுமை பெரிது. அதுவரை மின்னஞ்சலைப் படிக்க விரும்பியவர் கணினிமுன் அமர்ந்து, இணைப்பை ஏற்படுத்தி, ஏதும் வந்திருக்கின்றதா எனத் தாமே சென்று பார்க்கவேண்டும். பிளாக்பெரி அம்முறையைத் தலைகீழாக்கியது. அலுவலகக் கணினியில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருள், வந்த மடலைச் சுருக்கி, பிறர் வாசிக்காவண்ணம் மறைகுறியாக்கி, வானலை வழியே அனுப்பிவிடும். இடுப்பிற் செருகிய கருவி அதிர்ந்து, 'மடல் வந்துளது' என அறிவிக்கும்.

பிரித்தானியாவில் 2001 ஆம் ஆண்டு இக்கருவி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு செப்ரெம்பர் 11 ஆம் நாள் நியூயோர்க்கிற் தொலைபேசி இணைப்புகள் திணறியபோது, பிளாக்பெரி மடல்கள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்களுக்கு அதனை வழங்கியது. 2009 இல் ஜனாதிபதியான ஒபாமா பாதுகாப்பு அதிகாரிகளோடு வாதாடியே தமது கருவியைக் கைவிடாது வைத்துக்கொண்டார்.

பயன்படுத்தியோரின் அபிப்பிராயங்களோ இரு துருவங்களாக இருந்தன. அலுவலக மேசையிலிருந்து விடுதலை கிடைத்தது என்றனர் ஒரு சாரார். மேசையே வீட்டுக்கு வந்துவிட்டது என்றனர் மறு சாரார். 'கிராக்' எனும் போதைப்பொருளின் பெயரை ஒட்டி அதனைக் 'கிராக்பெரி' எனக் கேலி செய்தனர். 2006 இல் ஓர் அமெரிக்க அகராதியின் ஆசிரியர்கள் அச்சொல்லையே அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தனர். எமது பாடசாலையின் பெற்றோர் கூட்டங்களிலும் மேசைக்கடியிற் கருவி அதிரும். தந்தைமாரின் கண்கள் கீழே தாழும். தாய்மாரின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது.

இரண்டு கூற்றுகளும் உண்மையே என்பது எமது கருத்து. மேலதிகாரியின் மடலுக்கு அஞ்சியிருப்பவனுக்கு அக்கருவி விலங்கு. உறவினரின் செய்திக்காக ஏங்கியிருப்பவனுக்கோ அது வரம். இலண்டனில் வாழ்ந்த எம்மவர் பலர் ஒரே நேரத்தில் இவ்விரு நிலையிலும் இருந்தனர். பகலில் வேலைத்தல மடல்களைச் சபித்த அதே கை, இரவில் ஊரிலிருந்து ஏதும் வராதா எனத் தலையணைக்கடியில் அக்கருவியைத் தடவிப் பார்த்தது.

எம்மவருக்கு வேறொரு குறையும் இருந்தது. அக்கருவிக்குத் தமிழ் தெரியாது. தமிழில் அனுப்பிய மடல் வெறும் சதுரக் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ வந்து நிற்கும். ஆகவே ஆங்கில எழுத்துகளைக் கொண்டே தமிழ் எழுதினோம்.

2006 ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டுக் குடாநாடு துண்டிக்கப்பட்டிருந்த காலம். எமது பெற்றோருள் ஒருவர், கணக்காளராகப் பணியாற்றியவர், பாதாள ரயிலிலிருந்து வெளியே வந்ததும் ஊரிலிருந்து வந்த மடலைக் கண்டார். அம்மா ஆசுப்பத்திரியில் என்று ஒரு வரி. அடுத்த வரியில் இரண்டே சொற்கள்: வீ, ஏ, எல், ஐ என எழுதி, அதன்பின் 'இல்லை'. வலி இல்லை என வாசித்து, நெஞ்சு ஆறி, மகிழ்ச்சி தெரிவித்துப் பதிலும் அனுப்பிவிட்டார். மறுநாள் எப்படியோ தொலைபேசி கிடைத்தபோதுதான் விடயம் புரிந்தது. எழுதியவர் கருதியது வழி இல்லை என்பதனை. கொழும்புக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்று வைத்தியர் கூறியிருந்தார். கொண்டுசெல்ல வழி இல்லை. அந்த அன்னையார் பின்னர் ஒருவாறு கொழும்பு சேர்ந்து நலமடைந்தார் என்பதனாலேயே இதனை இங்கு எழுதத் துணிகிறோம். லகர, ழகர, ளகர வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது மாணவர் கொட்டாவி விடுவதுண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால், எழுத்தொன்றே எமக்குத் துணை.

பின்னாளில் மலிவு விலையிற் கிடைத்த பிளாக்பெரிகளை இலண்டன் இளைஞர் விரும்பி வாங்கினர். அதன் தூதுச் சேவையில் நண்பரோடு கட்டணமின்றி உரையாடலாம் என்பதே காரணம். 2011 ஓகஸ்ட் கலவரத்தின்போது அச்சேவை வழியே கொள்ளைக்கு ஆள் திரட்டியோரும் இருந்தனர்; ரொட்டன்ஹாம் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி அதனைத் தற்காலிகமாக நிறுத்தக் கோரினார். ஹாக்னியிற் சூறையாடப்பட்டவற்றுள் ஓர் ஈழத்தமிழரின் சிறு கடையும் ஒன்று. அயலவர் பணம் திரட்டி அதனை மீளத் திறக்க உதவினர். அவ்வாண்டு ஒக்ரோபரில் சுலோவிலிருந்த நிறுவனத்தின் நிலையத்தில் ஏற்பட்ட பழுதினால் பல நாடுகளில் மூன்று நாட்களுக்கு மேலாக மடல்கள் தடைப்பட்டன. 2022 சனவரி 4 ஆம் நாளுடன் பழைய பிளாக்பெரிகளுக்கான சேவை முற்றாக நின்றது.

இதற்கிடையே கைத்தொலைபேசி தமிழ் கற்றுக்கொண்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 இல் வெளிவந்தது. 2013 முதல் ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. எனினும் எமது மாணவருட் பெரும்பாலோர் அம்மாவுக்கு இன்றும் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழ் எழுதுகின்றனர். பெற்றோரும் அப்படியே பதிலிறுக்கின்றனர்.

எனவே இவ்வாண்டு மேற்பிரிவு மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம்: தத்தம் பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ தொலைபேசியில் ஐந்து வரி, தமிழெழுத்தில். அடுத்த சனிக்கிழமை பதில்களைக் கொண்டுவந்து காட்டினர். பலருக்குத் தாம் எழுதியதைவிட நீண்ட மடல் வந்திருந்தது. ஒரு மாணவிக்குப் பருத்தித்துறையிலிருக்கும் அம்மம்மா எழுதியிருந்தது இரண்டே வரிகள். முதல் வரியிற் பேத்தியின் எழுத்துப்பிழைகள் நான்கு திருத்தப்பட்டிருந்தன. இரண்டாவது வரியில், நாளைக்கும் எழுது பிள்ளை, என்றிருந்தது.